"தகுதியைக் கணக்கில் எடுத்தால் இடைவெளி இல்லை" என்று அறிக்கை சொன்னால் பாகுபாடு இல்லை என்றாகிவிடுமா?

நீங்கள் எழுதியதை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் நிறுவனத்தில் ஒரு பிரிவினர் கீழ்நிலைப் பணிகளில் நிறைய இருக்கிறார்கள்; மேலே போகப்போகக் குறைகிறார்கள். சராசரிச் சம்பளத்திலும் பின்தங்கியிருக்கிறார்கள். இதைப் பற்றிப் பேச்சு எழுந்ததும் நிர்வாகம் ஓர் அறிக்கையைச் சுற்றுக்கு விட்டிருக்கிறது. கல்வி, அனுபவம், கிரேடு (பதவியின் சம்பளப் படிநிலை), பணி மதிப்பீடு ஆகிய நான்கையும் கணக்கில் எடுத்துக்கொண்டால், அதாவது இவற்றில் சமமாக இருப்பவர்களை ஒப்பிட்டால், இரு பிரிவினருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை என்கிறது அது. "அப்படியானால் பாகுபாடு இல்லை என்று ஒத்துக்கொள்ள வேண்டியதுதானா?" என்று கேட்கிறீர்கள். உங்களுக்கே இரண்டு முறை பதவி உயர்வு தள்ளிப்போனதையும் போகிற போக்கில் ஒரு வரியில் சொல்லியிருக்கிறீர்கள். எந்தப் பிரிவு என்று நீங்கள் சொல்லவில்லை. இந்தப் பதிலுக்கு அது தேவையும் இல்லை. பாலினம், சாதி, இனம், மதம், உடற்குறை எதுவானாலும் கணக்கின் தர்க்கம் ஒன்றுதான்.

நான் புள்ளியியல் படித்தவன். நிறுவனங்களின் சம்பளப் பட்டியல்களையும் பதவி உயர்வுக் கோப்புகளையும் வைத்துக்கொண்டு இதே கேள்விக்கு விடை தேடுவதுதான் பல வருடங்களாக என் தொழில். உறுதியாகச் சொல்லக்கூடியவை இரண்டு. இடைவெளி இருக்கிறது என்பதாலேயே பாகுபாடு நிரூபணமாகிவிடாது. சில காரணிகளைச் சேர்த்ததும் இடைவெளி மறைந்துவிட்டது என்பதாலேயே பாகுபாடு இல்லை என்றும் ஆகிவிடாது. முதல் பாதியை எல்லா நிர்வாகங்களும் மனப்பாடமாக ஒப்பிக்கும். இரண்டாம் பாதியைச் சொல்லத்தான் ஆள் கிடைப்பதில்லை.

முதல் பாதிக்குப் புள்ளியியல் வகுப்புகளில் தவறாமல் சொல்லப்படும் ஓர் உதாரணம் உண்டு. 1973-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் படிப்புகளுக்கு 8,442 ஆண்களும் 4,321 பெண்களும் விண்ணப்பித்தார்கள். ஆண்களில் 44 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்தது. பெண்களில் 35 சதவீதம் பேருக்குத்தான். பார்த்தவுடன் அநியாயமாகத் தெரிகிறது. துறை துறையாகப் பிரித்துப் பார்த்தபோது பெண்களுக்கு எதிரான சாய்வு பெரும்பாலான துறைகளில் தென்படவே இல்லை. துறைவாரிக் கணக்குகளைச் சேர்த்துப் பார்த்தால் சற்றே பெண்களின் பக்கம்கூடச் சாய்ந்திருந்தது. பெண்கள் அதிகமாக விண்ணப்பித்தது இடம் குறைவாகவும் போட்டி அதிகமாகவும் இருந்த துறைகளுக்கு. மொத்தக் கணக்கை இழுத்தது அதுதான். இந்த உதாரணத்தைச் சொல்கிறவர்கள் பொதுவாக இங்கேயே நிறுத்திக்கொள்வார்கள். 1975-இல் 'சயன்ஸ்' இதழில் அந்த ஆய்வை வெளியிட்ட பிக்கெலும் அவருடைய சகாக்களும் நிறுத்தவில்லை. பெண்கள் ஏன் நெரிசலான, பணவசதி குறைந்த துறைகளுக்குப் போகிறார்கள், அதற்கு முந்தைய கல்வியும் வளர்ப்பும் அவர்களை எங்கே தள்ளின என்று அவர்களே கேட்டார்கள். சேர்க்கைக் குழுவின் மேல் குற்றமில்லை என்றுதான் கணக்கு சொன்னது. குற்றம் எங்கேயுமே இல்லை என்று அது சொல்லவில்லை.

இப்போது உங்கள் நிறுவனத்தின் அறிக்கைக்கு வருவோம். அதில் சேர்த்திருக்கும் நான்கு காரணிகளும் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. கல்வியும் முந்தைய அனுபவமும் ஒருவர் வேலைக்கு வரும்போது தம்மோடு கொண்டுவருபவை. கிரேடும் பணி மதிப்பீடும் அப்படி அல்ல. அவை நிறுவனமே அவருக்குக் கொடுத்தவை. 'ஒரே கிரேடில் இருப்பவர்களுக்கு ஒரே சம்பளம்' என்று காட்டுவது எளிது. ஒரே தகுதியுள்ளவர்கள் ஒரே கிரேடில்தான் வைக்கப்பட்டார்களா என்பதுதான் கேள்வி. ஓரவஞ்சனை நடந்திருந்தால் அது நடந்திருக்க வாய்ப்புள்ள இடத்தையே 'சரிசெய்யப்பட்டது' என்று கணக்கிலிருந்து கழித்துவிட்டு, மிச்சத்தில் ஒன்றும் இல்லை என்று சொல்வது தணிக்கை ஆகாது.

ஒரு நிறுவனத்தில் இதை நேரிலேயே பார்த்தேன். கிரேடைச் சேர்த்ததும் இடைவெளி மாயமாகிவிட்டது; என்னை அழைத்தவர்களுக்கு மகிழ்ச்சி. பணியில் சேர்ந்தபோது கொடுத்த நியமனக் கடிதங்களைக் கேட்டு வாங்கினேன். ஒரே ஆண்டு, ஒரே பட்டம், ஒரே பதவிப் பெயர். ஒரு பிரிவினர் பெரும்பாலும் ஐந்தாம் கிரேடில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். மற்றொரு பிரிவினர் பெரும்பாலும் அதற்கு ஒரு படி கீழே, நான்காம் கிரேடில். மனிதவளத் துறை அதிகாரி கொஞ்சமும் தயங்காமல் காரணம் சொன்னார்: முந்தைய வேலையில் வாங்கிய கடைசிச் சம்பளச் சீட்டைப் பார்ப்போம், அந்தத் தொகை எந்தக் கிரேடின் வரம்புக்குள் விழுகிறதோ அதில் வைப்போம், எல்லோருக்கும் ஒரே விதி. அவர் பொய் சொல்லவில்லை. எவர்மீதும் அவருக்குப் பகை இருந்ததாகவும் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் முந்தைய நிறுவனம் ஒருவருக்குக் குறைத்துக் கொடுத்தது அந்தச் சம்பளச் சீட்டு வழியாக இந்த நிறுவனத்துக்குள்ளும் வந்துவிட்டது. அதற்கு மேல், ஐந்தாம் கிரேடில் மூன்று வருடம் முடித்தவர்களைத்தான் பதவி உயர்வுக்குப் பரிசீலிப்பார்கள். நான்கில் தொடங்கியவர் எத்தனை கெட்டிக்காரராக இருந்தாலும் பட்டியலுக்குள்ளேயே வரமாட்டார். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம், வேலை தருவதற்கு முன் பழைய சம்பளத்தைக் கேட்கக் கூடாது என்று 2016-இல் சட்டம் இயற்றியது இந்தக் காரணத்துக்காகத்தான். வேறு பல மாநிலங்களும் பின்தொடர்ந்தன.

பணி மதிப்பீடு இதைவிடச் சிக்கலானது. இதற்கு நான் காட்ட விரும்பும் உதாரணம் ஒரு நீதிமன்றத் தீர்ப்பு, ஏனென்றால் இதைவிடத் துல்லியமாக இந்த விஷயத்தைப் பிரித்துக் காட்டிய எழுத்து அதிகம் இல்லை. 2020 பிப்ரவரியில் இந்திய உச்ச நீதிமன்றம், ராணுவத்தில் குறுகிய காலப் பணியில் இருக்கும் பெண் அதிகாரிகளுக்கும் நிரந்தரப் பணி தருவதைப் பரிசீலிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. ராணுவம் பரிசீலித்தது. ஆண்களுக்கு வைத்திருக்கும் அதே அளவுகோல்களைத்தான் வைத்தோம் என்றது: குறிப்பிட்ட உடல்தகுதித் தரம், மேலதிகாரிகள் ஆண்டுதோறும் எழுதும் ரகசிய அறிக்கைகளின் அடிப்படையிலான மதிப்பெண். பல பெண் அதிகாரிகள் தேறவில்லை. வழக்கு திரும்ப வந்தது. நிதிஷா வழக்கு என்று அறியப்படும் அதில் 2021 மார்ச்சில் நீதிபதி சந்திரசூட் எழுதிய தீர்ப்பு அந்த 'அதே அளவுகோலை' அவிழ்த்துப் பார்த்தது. ஆண் அதிகாரிகளின் உடல்தகுதி அவர்களுடைய பணியின் ஐந்தாவது அல்லது பத்தாவது ஆண்டில், இளவயதில் பார்க்கப்பட்டது. பெண்களுக்கு அந்தப் பரிசீலனையே அந்த வயதில் மறுக்கப்பட்டிருந்தது; பல ஆண்டுகள் கழித்து, நடுவயதில், அதே தரத்தைக் காட்டு என்றார்கள். ரகசிய அறிக்கைகளின் கதை இன்னும் மோசம். பெண்களுக்கு நிரந்தரப் பணி என்ற ஒன்றே இல்லாத காலத்தில், இந்த மதிப்பெண்ணால் அவர்களுக்கு எதுவும் ஆகப்போவதில்லை என்று தெரிந்த மேலதிகாரிகள் ஏனோதானோவென்று எழுதிவைத்தவை அவை. பிற்பாடு அவற்றையே எடுத்துவைத்துத் தகுதி அளந்தார்கள். உடல்தகுதித் தரம் தவறு என்று நீதிமன்றம் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். ராணுவத்துக்கு அது தேவையே என்று ஏற்றுக்கொண்டது. அதைப் பொருத்திய காலமும் விதமும்தான் மறைமுகப் பாகுபாடு என்றது.

இங்கே நோக்கத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பாகுபாடு என்றால் யாரோ ஒருவர் வெறுப்போடு உட்கார்ந்து செய்வது என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. சட்டம் அதைத் தாண்டி வந்து அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. வட கரோலினாவில் டியூக் பவர் என்ற மின் நிறுவனம் கறுப்பினத்தவரைக் கூலிப் பிரிவில் மட்டுமே வைத்திருந்தது. அப்படி வைப்பதைச் சட்டம் தடுத்ததும், நல்ல பிரிவுகளுக்குப் பள்ளிச் சான்றிதழும் எழுத்துத் தேர்வும் வேண்டும் என்றது. அந்தச் சான்றிதழ் இல்லாத வெள்ளை ஊழியர்கள் அதே பிரிவுகளில் குறையில்லாமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1971-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், நோக்கம் எப்படி இருந்தாலும் வேலையோடு தொடர்பில்லாத தகுதி ஒரு பிரிவினரை வடிகட்டினால் அது செல்லாது என்று தீர்ப்பளித்தது. உங்கள் நிறுவனம் வைத்திருக்கும் ஒவ்வொரு தகுதிக்கும் இதே கேள்வியைக் கேட்கலாம்: இந்த வேலையைச் செய்ய இது உண்மையிலேயே வேண்டுமா?

கணக்கு இத்தனை வழுக்குகிறதே, வேறு சான்று இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. இந்தத் துறையில் நான் மிகவும் நம்புவது விண்ணப்பச் சோதனைகளைத்தான். தகுதியில் வித்தியாசம் இல்லாத விண்ணப்பங்களைத் தயாரித்து, பெயரை மட்டும் மாற்றி, உண்மையான வேலை விளம்பரங்களுக்கு அனுப்புவார்கள். பெர்ட்ரண்ட், முல்லைநாதன் இருவரும் பாஸ்டனிலும் சிகாகோவிலும் ஏறக்குறைய 5,000 விண்ணப்பங்களை அனுப்பி 2004-இல் வெளியிட்ட ஆய்வில், வெள்ளையர் பெயர்களுக்குச் சுமார் பத்து விண்ணப்பங்களுக்கு ஓர் அழைப்பு வந்தது. கறுப்பினத்தவர் பெயர்களுக்குப் பதினைந்துக்கு ஒன்று. இந்தியாவில் சுக்தேவ் தோரட், பால் அட்டவெல் இருவரும் தனியார் நிறுவனங்களின் பத்திரிகை விளம்பரங்களுக்கு விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்து 2007-இல் எழுதினார்கள். உயர்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட்டால், அழைப்பு வரும் வாய்ப்பு தலித் பெயருக்கு 0.67 பங்கு, முஸ்லிம் பெயருக்கு 0.33 பங்கு. ஆனால் எல்லா இடத்திலும் விடை ஒரே மாதிரி வருவதில்லை. டெல்லி வட்டாரத்தில் நடந்து 2009-இல் வெளியான மற்றொரு ஆய்வு, மென்பொருள் வேலைகளில் சாதிப் பெயரால் வித்தியாசம் காணவில்லை. கால் சென்டர் வேலைகளில் கண்டது. தேர்வு எதை நம்பி நடக்கிறது என்பதைப் பொறுத்து இது மாறுகிறது என்று எனக்குப் படுகிறது: எழுதிக்காட்டிச் சோதிக்க முடிந்த திறமை ஒரு பக்கம், 'பேச்சு, பாங்கு' என்ற மங்கலான அளவுகோல் மறுபக்கம். இது என் வாசிப்புதான். அந்த ஆய்வே இதை நிரூபித்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இச்சோதனைகளுக்கு எல்லையும் உண்டு. அவை முதல் வாசலை மட்டுமே பார்க்கின்றன. உள்ளே நுழைந்த பிறகு யாருக்கு நல்ல திட்டப்பணி கிடைக்கிறது, யாரை மேலதிகாரி கூப்பிட்டுப் பேசுகிறார், யாருடைய தவறு மறக்கப்படுகிறது என்பதையெல்லாம் விண்ணப்பம் அனுப்பிக் கண்டுபிடிக்க முடியாது. மேல்பதவிகளில் ஆள் குறைவதற்கு இந்தச் சின்னச் சின்ன விஷயங்கள் போதும் என்பதைக் காகிதத்திலேயே போட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு படியிலும் ஒரு பிரிவினர் 100 பேர் ஏறும்போது, அதே தகுதியுள்ள மறு பிரிவினர் 90 பேர் ஏறுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு படியில் இந்த வித்தியாசம் யார் கண்ணிலும் படாது. எந்த மேலாளரும் தம்மை நியாயவான் என்றே நம்பிக்கொண்டிருக்கலாம். ஐந்து படி கழித்து, 100-க்கு 59 பேர்தான் மிஞ்சுவார்கள்.

ஏன் நடக்கிறது என்ற கேள்விக்குப் பொருளியல் அறிஞர்களிடம் இரண்டு விடைகள் உண்டு. கேரி பெக்கர் 1957-இல் சொன்னது வெறுப்பு. சிலர் சிலரோடு பழகாமலிருக்க விலைகூடக் கொடுக்கத் தயார். ஆனால் போட்டிச் சந்தையில் அந்த விலை அவர்களையே அரித்துவிடும் என்றது அவருடைய தர்க்கம். இத்தனை காலம் ஆகியும் அரித்து முடிக்கவில்லையே என்பது அந்தத் தர்க்கத்துக்கு விழுந்த அடி. 1970-களின் தொடக்கத்தில் ஃபெல்ப்ஸும் ஆரோவும் இன்னொன்று சொன்னார்கள்: ஒருவரைப் பற்றிய முழு விவரம் தெரியாதபோது, அவர் சார்ந்த பிரிவின் சராசரியை அவர் தலையில் ஏற்றிவிடுவது. இதில் வெறுப்பே தேவையில்லை. இது தானாகவே தன்னை மெய்ப்பித்துக்கொள்ளும் என்பதுதான் விபரீதம். 'இவர்கள் நீண்ட நாள் இருக்கமாட்டார்கள்' என்று பயிற்சி கொடுக்காமல் விட்டால், வளர்ச்சி இல்லாத அவர்கள் சீக்கிரமே விலகிப்போவார்கள். அடுத்த ஆண்டுப் புள்ளிவிவரம் அந்த நம்பிக்கைக்கே சான்றாக வந்து நிற்கும்.

சந்தேகத்துக்குரிய பகுதி, தீர்வுகள். இங்கே விற்பனையாகும் சரக்கில் பாதிக்கு ஆதாரம் மெலிந்தது. ஆழ்மனச் சாய்வைப் போக்குவதாகச் சொல்லும் அரைநாள் பயிற்சிகளால் வினாத்தாள் விடைகள் கொஞ்சம் மாறுகின்றன. நடத்தை மாறியதற்குச் சான்று பலவீனம். இசைக்குழுத் தேர்வில் திரை போட்டு வாசிக்கச் சொன்னதால் பெண்கள் அதிகம் தேர்வானார்கள் என்று கோல்டினும் ரூஸும் 2000-இல் எழுதிய ஆய்வு புகழ்பெற்றது. ஆனால் அதன் முக்கிய எண்கள் சிறிய மாதிரிகளில் நிற்பவை; மேடையில் சொல்லப்படும் அளவுக்கு உறுதியானவை அல்ல. விவரத்தை மறைத்துவிட்டால் நியாயம் வந்துவிடும் என்ற எண்ணமும் எப்போதும் பலிப்பதில்லை. விண்ணப்பப் படிவத்தில் குற்றப் பின்னணியைக் கேட்கக் கூடாது என்ற விதி வருவதற்கு முன்னும் வந்த பின்னும் நியூ ஜெர்சியிலும் நியூயார்க் நகரிலும் அகன், ஸ்டார் இருவரும் சோதித்தார்கள். முன்பு அந்தக் கேள்வியைக் கேட்டுவந்த நிறுவனங்களில் வெள்ளையருக்குக் கறுப்பினத்தவரைவிட 7 சதவீதம் அதிக அழைப்பு வந்துகொண்டிருந்தது. கேள்வியை எடுத்த பிறகு அது 43 சதவீதமானது. தெரிந்துகொள்ள வழி அடைபட்டதும் முதலாளிகள் ஊகத்தில் இறங்கினார்கள். ஊகம் இனத்தைப் பார்த்தது. கணினியிடம் விட்டால் சரியாகிவிடும் என்பவர்களுக்கு 2019-இல் ஓபர்மையர் குழுவினர் வெளியிட்ட ஆய்வு போதும். கூடுதல் சிகிச்சைக் கவனிப்பு யாருக்குத் தேவை என்று கணிக்க அமெரிக்க மருத்துவமனைகளில் பயன்பட்ட ஒரு நிரல், நோயை அளப்பதற்குப் பதில் மருத்துவச் செலவை அளந்தது. கறுப்பின நோயாளிகளுக்கு அதே நோய்க்குக் குறைவாகவே செலவழிக்கப்பட்டுவந்ததால், அவர்கள் ஆரோக்கியமானவர்கள் என்று அது முடிவுகட்டியது. இனம் என்ற விவரமே அந்த நிரலுக்குக் கொடுக்கப்படவில்லை. ஓரளவு நம்பிச் சொல்லக்கூடியது, எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, முன்கூட்டியே எழுதிவைத்த அளவுகோலில் மதிப்பெண் போடும் நேர்முகத் தேர்வு. அது ஆளை எடைபோடுவதிலும் சும்மா பேசிப் பார்ப்பதைவிட மேலானது.

நிர்வாகத்தின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. அதை விட்டுவிட்டால் நான் ஒருதலைப்பட்சமாக எழுதுகிறேன் என்றாகும். எண்ணிக்கை சிறியதாக இருந்தால் எதையும் சொல்ல முடியாது. சரிபாதியாக இருக்கும் இரு பிரிவிலிருந்து பத்துப் பேரைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால்கூட, ஏழுக்கு மூன்று அல்லது அதைவிட மோசமான பிளவு மூன்று முறைக்கு ஒருமுறை தற்செயலாகவே வரும். நூறு பேரை எடுத்து 70-க்கு 30 என்று வந்தால் அது பத்தாயிரத்தில் ஒருமுறைகூட வராது. அங்கே தற்செயல் என்று சொல்லித் தப்ப முடியாது. ஆனால் இந்தக் கத்தி இருபுறமும் வெட்டும். உங்கள் நிறுவனம் சிறியதாக இருந்தால், 'குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை' என்ற வாக்கியத்துக்கு வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் அளவுக்கு ஆட்கள் இல்லை என்பதைத் தவிர வேறு அர்த்தம் இருக்காது.

உங்கள் சொந்த விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்கு இரண்டு முறை மறுக்கப்பட்டது பாகுபாடா என்பதை எந்தப் புள்ளிவிவரமும் சொல்லாது. நூறு பேரைப் பற்றி உறுதியாகப் பேசும் கணக்கு, அந்த நூறில் எவர் ஒருவரைப் பற்றியும் ஊமையாகிவிடும். ஒருவருடைய வழக்கில் செல்லுபடியாவது ஆவணம்தான்: அந்த ஆண்டு யார் யார் பரிசீலிக்கப்பட்டார்கள், தேர்வானவரிடம் இருந்து உங்களிடம் இல்லாத தகுதி எது, அந்தத் தகுதி அறிவிப்பிலேயே இருந்ததா அல்லது ஆளைத் தேர்ந்தெடுத்த பிறகு முளைத்ததா, உங்களிடம் சொன்ன காரணம் இரண்டு முறையும் ஒன்றேதானா. காரணம் மாறிக்கொண்டே இருப்பதை நீதிமன்றங்களும் சந்தேகத்தோடு பார்க்கும். வாய்மொழியாகச் சொன்னதை அன்றே மின்னஞ்சலில், "நீங்கள் சொன்னதை இப்படிப் புரிந்துகொண்டேன், சரிதானா?" என்று பணிவாக எழுதிக் கேட்டுவிடுங்கள். நாட்டுக்கு நாடு சட்டமும் காலக்கெடுவும் வேறு. அதற்குத் தொழிலாளர் வழக்குகள் பார்க்கும் வழக்கறிஞரைப் பாருங்கள், என்னை அல்ல.

அந்த அறிக்கையைப் பொறுத்தவரை, ஒத்துக்கொள்வதற்கும் எதிர்த்துச் சண்டை போடுவதற்கும் முன்னால் கேட்டு வாங்க வேண்டியவை இருக்கின்றன. கிரேடையும் பணி மதிப்பீட்டையும் எடுத்துவிட்டு, கல்வி, அனுபவம் இரண்டை மட்டும் வைத்து அதே கணக்கைப் போடச் சொல்லுங்கள். அப்போது இடைவெளி திரும்ப வந்தால் பிரச்சினை சம்பளத்தில் இல்லை, கிரேடு தருவதிலோ பணி மதிப்பீட்டிலோ இருக்கிறது என்று இடம் தெரிந்துவிடும். சேரும்போது கொடுத்த கிரேடு, முதல் பதவி உயர்வுக்கு ஆன காலம் இவ்விரண்டையும் பிரிவுவாரியாகக் கேளுங்கள். பதவி உயர்வு பெற்றவர்களின் பட்டியலோடு, பரிசீலனைக்கே எடுத்துக்கொள்ளப்படாதவர்களின் பட்டியலையும் கேளுங்கள். முக்கியமாக, கடந்த ஐந்தாண்டுகளில் வேலையை விட்டுப்போனவர்கள் அந்தக் கணக்கில் இருக்கிறார்களா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்கமாட்டார்கள், சம்பளப் பட்டியலில் பெயர் இருப்பவர்களை வைத்துத்தான் எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள். சலித்துப்போய் மூன்றாம் வருடமே விலகியவர் எந்த அட்டவணையிலும் இடைவெளியாகத் தெரியமாட்டார். கேட்டவற்றில் முதல் ஒன்றையாவது நிர்வாகம் ஒரு வாரத்தில் தந்துவிட முடியும். தரவெல்லாம் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. இரண்டு காரணிகளை நீக்கிவிட்டு மறுபடி ஓட்ட வேண்டியதுதான் வேலை.